30 பவுண்ட் பேஸ் போய் வந்த வழி

பேஸ் கிட்டார் வாசிக்கிற இரண்டு பேர் ஓரிடத்தில் சேர்ந்துவிட்டால் மற்றவர்களுக்கு அங்கே வேலையில்லை. கம்பி என்ன போட்டிருக்கிறாய், ஃபிளாட்வுண்டா ரவுண்ட்வுண்டா, மாற்றி எத்தனை நாளாயிற்று, ஆம்ப் எது, பிக்கப் கம்பெனி போட்டதா நீ மாற்றியதா என்று ஆரம்பித்து, யார் வாசிப்பு பிடிக்கும் என்ற இடத்துக்கு வந்து சேர்வார்கள். மோட்டவுன் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனைச் சொல்வார் ஒருவர். ஜாக்கோ பாஸ்டோரியஸ் என்பார் இன்னொருவர். பால் மெக்கார்ட்னி பெயர் வராமல் அந்தப் பேச்சு முடியாது. அவர் பெயர் வந்தால், வயலின் மாதிரி இருக்கும் அந்தச் சின்ன ஹோஃப்னர் பேஸும் கூடவே வந்துவிடும்.

அவரிடம் அந்த வடிவத்தில் பெயர்பெற்ற பேஸ்கள் இரண்டு. 1963-இல் வந்தது இன்றும் அவர் தோளில் தொங்குகிறது. மேடையில் நாம் பார்ப்பது பெரும்பாலும் அதைத்தான். அதற்கு மூத்தது 1961-இல் வாங்கியது. பீட்டில்ஸ் என்ற குழு உலகத்துக்குத் தெரியவந்த முதல் பாடல்களில் கேட்பது அந்த மூத்ததன் ஒலி. அது திருட்டுப்போய் 51 ஆண்டுகள் கண்ணில் படாமல் இருந்தது. அதன் கதையைத்தான் எழுதப்போகிறேன்.

வயலின் செய்கிறவர்களின் ஊர் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். கார்ல் ஹோஃப்னர் 1887-இல் தன் பட்டறையைத் தொடங்கிய ஷோன்பாக், இன்றைய செக் நாட்டின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. இப்போது அதன் பெயர் லூபி. அந்த வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாக ஜெர்மன் மொழி பேசும் குடும்பங்கள் வயலினும் செல்லோவும் கிட்டாரும் செய்துவந்தன. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டார்கள். வீட்டையும் பட்டறையையும் விட்டுவிட்டு, கையில் எடுத்துவர முடிந்ததோடு இந்தத் தொழிலாளிகளும் பவேரியாவுக்கு வந்தார்கள். எர்லாங்கன் நகருக்குப் பக்கத்தில் பூபன்ராய்ட் என்ற சிறிய விவசாயக் கிராமம் அவர்களுக்கு இடம் கொடுத்தது. வந்தவர்களின் எண்ணிக்கை இருந்தவர்களின் எண்ணிக்கையை மிஞ்சிவிட்டது. ஹோஃப்னர் தொழிற்சாலையும் 1950-களின் தொடக்கத்தில் அங்கே எழுந்தது.

கார்லின் மகன் வால்டர் ஹோஃப்னர் 1955-இல் ஒரு மின்சார பேஸை வடிவமைத்தார். அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் தன் பிரிசிஷன் பேஸை 1951-லேயே கொண்டுவந்திருந்தார். அது கெட்டி மரப்பலகையில் செய்தது, கனமானது. கிப்சன் கம்பெனி 1953-இல் வயலின் வடிவில் ஒன்று செய்தது; அதுவும் உள்ளே கெட்டி மரம்தான். வால்டர் வயலின்காரர். ஸ்ப்ரூஸ் மரத்தில் மேல்பலகை, மேப்பிள் மரத்தில் பின்பலகையும் பக்கங்களும், உள்ளே கூடு என்று தனக்குத் தெரிந்த முறையிலேயே செய்தார். எடை இரண்டு கிலோவைச் சற்றே தாண்டும். ஆளுயர டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று யோசித்துப் பாருங்கள். 1956-இல் பிராங்க்பர்ட் இசைக்கருவிச் சந்தையில் 500/1 என்ற எண்ணோடு அது விற்பனைக்கு வந்தது. உள்ளூர் நடனக் குழுக்கள் வாங்கின. அதற்கு மேல் அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை.

1961-ஆம் ஆண்டு ஹாம்பர்க். துறைமுக ஊரின் ரீப்பர்பான் தெருவில் டாப் டென் கிளப்பில் லிவர்பூல் பையன்கள் ஐந்து பேர் இரவு முழுக்க வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களின் பேஸ்காரர் ஸ்டூவர்ட் சட்கிளிஃப் அடிப்படையில் ஓவியர். ஹாம்பர்க்கிலேயே தங்கி ஓவியம் படிக்கப் போகிறேன் என்று அவர் விலகினார். காலியான இடத்துக்கு ஜான் லெனனும் வரவில்லை, ஜார்ஜ் ஹாரிசனும் வரவில்லை. அன்றைக்குக் குழுவில் பேஸ் என்பது யாருக்கும் வேண்டாத வேலை; பின்னால் நின்று தட்டிக்கொண்டிருப்பவனின் வேலை. கிட்டார் உடைந்துபோய் பியானோவில் உட்கார்ந்திருந்த மெக்கார்ட்னியின் தலையில் அது விழுந்தது. அவருக்கு அப்போது வயது 19 கூட நிறையவில்லை.

ஃபெண்டர் வாங்க சுமார் 100 பவுண்ட் வேண்டும். கடன் சொல்லி வாங்குவதற்கு அவருடைய அப்பா வளர்த்த விதம் இடம் கொடுக்கவில்லை. ஹாம்பர்க்கின் ஸ்டைன்வே கடையில் இந்த வயலின் பேஸ் ஏறக்குறைய 30 பவுண்டுக்குக் கிடைத்தது. விலை ஒரு காரணம். இரண்டாவது காரணம் இடக்கை. மெக்கார்ட்னி இடக்கைக்காரர். சாதாரண கிட்டாரின் உடலில் ஒரு பக்கம் மட்டும் வெட்டு இருக்கும். இடக்கைக்காரர் திருப்பிப் பிடித்தால் தலைகீழாகத் தெரியும். வயலின் வடிவத்துக்கு இரு பக்கமும் ஒன்றே, எப்படிப் பிடித்தாலும் அசிங்கமாக இருக்காது என்று அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். உலகத்தின் மிகப் பிரபலமான பேஸ் தேர்வானதற்கு இவை இரண்டும்தான் காரணம். ஒலியைக் கேட்டு யாரும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை.

ஆனால் அந்தக் கருவி அவரை மாற்றியது. இதை நான் உறுதியாக நம்புகிறேன். ஃபெண்டரில் கம்பி அதிரும் நீளம் 34 அங்குலம், ஹோஃப்னரில் 30. நான்கு அங்குலம் குறைந்தால் கட்டங்களும் நெருங்கும், கம்பியின் இறுக்கமும் தளரும். கிட்டாரிலிருந்து வந்த விரல் சிரமமில்லாமல் ஓடும். எடையும் இல்லை, இரவு முழுக்கத் தோளில் கிடந்தாலும் தெரியாது. ஓடச் சொல்லிக் கூப்பிடுகிற கருவி கைக்கு வந்தால் கை ஓடத்தான் செய்யும். அடிச்சுரத்தைத் தட்டிக்கொண்டு நிற்க வேண்டிய இடத்தில் மெக்கார்ட்னி ஒரு தனி மெட்டையே வாசிக்கத் தொடங்கினார்.

ஒலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1961-இல் வந்த மாதிரியில் இரண்டு பிக்கப்களும் கழுத்துப் பக்கமே ஒன்றை ஒன்று ஒட்டி இருக்கும். கம்பி தாராளமாக அசையும் இடம் அது. அங்கே பிடிக்கும் ஒலி உருண்டையாக, அடர்த்தியாக இருக்கும், கூர்மை இருக்காது. உடல் கூடாக இருப்பதால் சுரம் எழுந்த வேகத்திலேயே தணிந்துவிடும், நீளாது. அதன் மேல் ஃபிளாட்வுண்ட் கம்பி போட்டு, பிக்கால் வாசித்தால் வருவது தம் என்று அடித்து ஓயும் ஒரு மர ஒலி. டபுள் பேஸுக்குப் பக்கத்தில் நிற்கும் ஒலி. குறையும் உண்டு. தனியே நிற்கும் மரப் பிரிட்ஜில் கட்டத்துக்குப் போடும் கம்பித் துண்டுகளையே சின்னச் சின்னதாக வெட்டிச் செருகியிருப்பார்கள். அவற்றை முன்பின் மாற்றித்தான் சுருதி சரிசெய்ய முடியும். கழுத்தில் மேலே ஏற ஏற சுருதி பிசகும் என்பது இதை வாசித்த எல்லாருக்கும் தெரிந்த புகார்.

லிவர்பூல் திரும்பியதும் பேஸுக்கு வேலை கேவர்ன் கிளப்பில். மாத்யூ தெருவில் தரைக்குக் கீழே செங்கல் வளைவுகளுக்கு அடியில் இருந்த அந்தக் கிடங்கில் காற்றோட்டம் கிடையாது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை என்று நிகழ்ச்சிகள். மூச்சும் வியர்வையும் சுவரில் நீராக வழியும். மெல்லிய மரப்பலகைக் கருவிக்கு அதைவிட மோசமான இடம் வேறு இல்லை. அங்கேதான் அது மாதக்கணக்கில் உழைத்தது.

1962 ஜூன் 6 அன்று லண்டன் அபே ரோட்டில் இருக்கும் ஈ.எம்.ஐ. ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் குழு முதன்முறையாகப் போனது. ஒலிப்பதிவுப் பொறியாளர் நார்மன் ஸ்மித். மெக்கார்ட்னியின் ஆம்ப் இரைந்தது, கரகரத்தது. அதை வைத்துப் பதிவுசெய்ய வழியில்லை. தொழில்நுட்பப் பொறியாளர் கென் டவுன்செண்டும் ஸ்மித்தும் கீழே எதிரொலி அறைக்குப் போய், அங்கே எதிரொலி உண்டாக்குவதற்காக வைத்திருந்த கனமான டானாய் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு லீக் ஆம்ப்பை எடுத்து, பேஸின் வயர் செருகுவதற்கு அவசரமாக ஒரு ஜாக் பற்றவைத்தார்கள். 30 பவுண்ட் பேஸ், கடன் வாங்கிய ஸ்பீக்கர். வேலை நடந்தது. இந்தக் காட்சியை நினைக்கும்போதெல்லாம், நல்ல சாமான் வந்தால்தான் நன்றாக வாசிப்பேன் என்று காத்திருக்கும் இளைஞர்களைப் பிடித்து உட்காரவைத்து இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றும்.

அதே ஆண்டு செப்டம்பரில் ‘லவ் மீ டூ’ பதிவானது. 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் பத்துப் பாடல்கள் பதிவாகி முதல் ஆல்பம் நிறைந்தது. ஜூலை 1 அன்று ‘ஷி லவ்ஸ் யூ’. எல்லாவற்றிலும் இந்த பேஸ்தான். ‘ஐ சா ஹெர் ஸ்டாண்டிங் தேர்’ பாடலில் ஓடும் பேஸ், சக் பெர்ரியின் பாடல் ஒன்றிலிருந்து எடுத்தது என்று மெக்கார்ட்னி ஒளிவில்லாமல் ஒப்புக்கொண்டார்.

1963 ஜூலை 30 அன்று பதிவான ‘ஆல் மை லவிங்’ பாடலை ஒருமுறை பேஸுக்காக மட்டும் கேளுங்கள். லெனனின் கிட்டார் மூன்று மூன்றாகப் படபடத்து ஓடுகிறது. அதற்கு அடியில் பேஸ் ஒவ்வொரு அடிக்கும் ஒரு சுரம் என்று நிதானமாக நடக்கிறது. ஏறுகிறது, இறங்குகிறது, அடுத்த கார்டு வருவதற்கு முன்பே அதன் வாசலுக்குப் போய் நின்றுவிடுகிறது. அந்த ஓட்டத்துக்கும் இந்த நடைக்கும் நடுவில் பாடுகிறவரும் பேஸ்காரரே. இளையராஜா பாடல்களில் பேஸைப் பிரித்துக் கேட்டுப் பழகிய காதுகளுக்கு இது உடனே பிடிபடும். வாயில் ஒரு மெட்டு, விரலில் இன்னொன்று. வாசித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது லேசான காரியமல்ல.

அந்த வருட இலையுதிர்காலத்தில் புது ஹோஃப்னர் வந்தது. அதில் பிக்கப்களுக்கு நடுவில் இடைவெளி அதிகம். ஒன்று கழுத்தருகே, மற்றது பிரிட்ஜ் அருகே. மூத்தது இரண்டாம் இடத்துக்குப் போனது. இரண்டே ஆண்டு உழைப்பில் அது தேய்ந்துபோயிருந்தது. 1964-இல் அதை லண்டனில் பழுதுபார்க்கக் கொடுத்தார்கள். உடல் முழுக்கப் புதிதாக நிறம் பூசினார்கள்: நடுவில் மஞ்சளும் ஓரத்தில் கருமையுமாக, மூன்று வண்ணம் ஒன்றில் ஒன்று கரையும் சன்பர்ஸ்ட். தளர்ந்துபோன இரண்டு பிக்கப்களையும் சேர்த்து ஒரே மரச் சட்டத்துக்குள் உட்கார வைத்தார்கள். ஹோஃப்னர் தொழிற்சாலையிலிருந்து அப்படிப்பட்ட சட்டத்தோடு எந்த பேஸும் வெளியே வரவில்லை. யாரோ ஒரு தச்சர் தன் வசதிக்குச் செய்த சட்டம் அது. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1965-இல் மெக்கார்ட்னி கைக்கு ரிக்கன்பேக்கர் பேஸ் வந்து ஒலிப்பதிவுகளில் ஹோஃப்னரின் பங்கு குறைந்தது. 1968-இல் ‘ரெவல்யூஷன்’ பாடலுக்கு எடுத்த படத்தில் அந்த மரச் சட்டத்தோடு மூத்த பேஸ் தெரிகிறது. 1969 ஜனவரியில் ட்விக்கன்ஹாம் படப்பிடிப்புத் தளத்தில் நடந்த ஒத்திகைப் படங்களிலும் இருக்கிறது. அதற்குப் பிறகு எதிலும் இல்லை.

அதனால் ரசிகர்கள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள்: 1969-இல் படப்பிடிப்பு நடந்த நாட்களிலேயே எவரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். புத்தகங்களும் அப்படியே எழுதின. எழுதியதைப் படித்து மற்றவர்கள் எழுதினார்கள். ஐம்பது ஆண்டு இது நின்றது. கருவிகளின் வரலாற்றை எழுதுகிற நாம் எல்லாரும் கவனிக்க வேண்டிய விஷயம் இது. நிழற்படத்தில் இல்லாமல்போன நாள் வேறு, தொலைந்த நாள் வேறு.

ஹோஃப்னர் நிறுவனத்தில் பல காலம் வேலை பார்த்தவர் நிக் வாஸ். அந்த பேஸைப் பற்றிப் புத்தகம் எழுதுமளவுக்கு அதை அறிந்தவர். ஒரு சமயம் மெக்கார்ட்னியே அவரிடம், நீங்கள் ஹோஃப்னர்காரராயிற்றே, என் பேஸைக் கண்டுபிடிக்க உதவக்கூடாதா என்ற பொருளில் கேட்டார். வாஸ் தனியாகத் தேடத் தொடங்கினார். பிறகு ஸ்காட் ஜோன்ஸ், நவோமி ஜோன்ஸ் என்ற பத்திரிகையாளத் தம்பதி சேர்ந்துகொண்டார்கள். 2023 செப்டம்பரில் மூவரும் ‘லாஸ்ட் பேஸ் புராஜெக்ட்’ என்று பெயரிட்டு, தகவல் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று ஊரறியக் கேட்டார்கள். நூற்றுக்கணக்கில் தகவல் வந்தது.

அதில் முடிச்சை அவிழ்த்த தகவல், மெக்கார்ட்னியின் விங்ஸ் குழுவில் ஒலி வேலை பார்த்த ஒருவரிடமிருந்து வந்தது. பேஸ் 1969-இல் போகவே இல்லை. 1972 அக்டோபர் 10 இரவு லண்டன் நாட்டிங் ஹில் வட்டாரத்தில் லாட்ப்ரோக் குரோவ் பக்கம் சாமான் ஏற்றிய வேனை நிறுத்தியிருந்தார்கள். காலையில் வந்து பார்த்தால் பூட்டு உடைந்திருந்தது. பேஸும் வேறு சில சாமான்களும் காணவில்லை. போய்ச் சொன்னபோது மெக்கார்ட்னி கவலைப்படாதே என்று மட்டும் சொன்னாராம்.

தேதியும் தெருவும் தெரிந்ததும் தேடல் அந்த வட்டாரத்துக்குள் சுருங்கியது. பத்திரிகையில் செய்தி வந்தது. இங்கிலாந்தின் தென்கடற்கரையில் ஹேஸ்டிங்ஸ் ஊரில் ஒரு குடும்பத்தின் கண்ணில் அது பட்டது. அவர்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய பேஸ் கிடந்தது. திருடியவன் பக்கத்திலிருந்த மதுக்கடைக்காரரிடம் சொற்பக் காசுக்கு அதைத் தள்ளிவிட்டிருந்தான். மதுக்கடைக்காரர் குடும்பத்தில் கைமாறிக் கைமாறி அது பரணுக்கு வந்திருந்தது. அவர்களே மெக்கார்ட்னியின் அலுவலகத்தைத் தொடர்புகொண்டார்கள். எடுத்துப் பார்த்தபோது பெட்டியும் பழையதே, பேஸும் முழுசாக இருந்தது. பழுதுபார்த்தால்தான் வாசிக்க முடியும் என்ற நிலை.

இது அதுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஹோஃப்னர் 500/1 ஆயிரக்கணக்கில் செய்யப்பட்ட கருவி. இடக்கை மாதிரிகளும் உண்டு. அந்த 1964 பழுதுவேலைதான் சாட்சி சொன்னது. இரண்டு பிக்கப்களையும் பிடித்திருக்கும் கைவேலைச் சட்டம், மேலே பூசிய மூன்று வண்ணப் பூச்சு. படத்தில் இருப்பதும் பரணில் இருந்ததும் ஒன்றே. வாங்கியபோது இருந்த அழகைக் கெடுத்த வேலை என்று சேகரிப்பாளர்கள் முகம் சுளிக்கக்கூடிய அதுதான் அடையாளமாக நின்றது.

2024 பிப்ரவரி 15 அன்று செய்தி வெளியானது. பேஸ் மெக்கார்ட்னியிடம் திரும்பிவிட்டது, அதில் பங்குகொண்ட எல்லாருக்கும் அவர் மிகவும் நன்றியுள்ளவராக இருக்கிறார் என்று அவர் தரப்பில் அறிவித்தார்கள். ஒரு கோடி பவுண்ட் பெறும் என்று பத்திரிகைகள் மதிப்புப் போட்டன. அந்தத் தொகை எனக்கு முக்கியமாகப் படவில்லை. பரணில் இருந்ததை ஏலத்துக்குக் கொண்டுபோகாமல் உரியவரைத் தேடிக் கொடுத்தார்களே, அது முக்கியம்.

அதைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டிவைக்காததும் முக்கியம். பழுதுபார்த்தார்கள். 2024 டிசம்பர் 19 இரவு, லண்டன் ஓ2 அரங்கில் மெக்கார்ட்னியின் சுற்றுப்பயணத்தின் கடைசி நிகழ்ச்சி. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ரான் வுட் கிட்டாருடன் மேடைக்கு வந்தார். 50 ஆண்டுக்கும் மேலாகத் தான் வாசிக்காத பேஸ் இது என்று சபைக்குச் சொல்லிவிட்டு, 82 வயது மெக்கார்ட்னி அதில் ‘கெட் பேக்’ வாசித்தார்.

எல்லா பேஸுக்கும் இப்படி வாய்க்கவில்லை. ஜாக்கோ பாஸ்டோரியஸின் 1962 ஃபெண்டர் ஜாஸ் பேஸ், கட்டங்களைப் பிடுங்கிவிட்டுப் படகுக்குப் பூசும் எபாக்சியைக் கழுத்தில் பூசி அவர் வாசித்த அந்த பேஸ், 1986-இல் நியூயார்க்கில் திருட்டுப்போனது. அது மீண்டும் தென்பட சுமார் 20 ஆண்டுகள் ஆயின. மெட்டாலிகா குழுவின் பேஸ்காரர் ராபர்ட் ட்ருஹியோ பணம் கொடுத்து அதை மீட்டார். ஆனால் ஜாக்கோ 1987-லேயே இறந்துவிட்டார். ஜேம்ஸ் ஜேமர்சனின் 1962 பிரிசிஷன் பேஸ் அதைவிடத் துயரம். டெட்ராய்ட்டில் மோட்டவுன் பாடல்கள் எத்தனையோவற்றுக்கு ஒற்றை விரலால் அவர் வாசித்தது அதில்தான். கம்பி அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். 1983-இல், அவர் இறப்பதற்குச் சில நாள் முன்பு அது களவுபோனது. இன்றுவரை வரவில்லை. சன்பர்ஸ்ட் நிறம், கழுத்து உடலோடு சேரும் குதிகாலில் ‘ஃபங்க்’ என்று அவர் கையாலேயே எழுதியிருந்தார்.

உங்களிடம் ஒரு பேஸ் இருந்தால், எவ்வளவு மலிவானதாக இருந்தாலும், இன்றைக்கே அதன் வரிசை எண்ணைக் குறித்துவையுங்கள். முன்னும் பின்னும் படம் எடுத்துவையுங்கள். பழுதுபார்த்த இடத்தை, அடிபட்ட இடத்தை, ஒட்டுப்போட்ட இடத்தை நெருக்கமாக எடுங்கள். அடையாளம் அங்கேதான் இருக்கும். பழைய கருவி வாங்கப் போனால் விலை பேசுவதற்கு முன்னால் இது யாரிடமிருந்து வந்தது என்று கேளுங்கள். விற்பவர் பதில் சொல்லத் தயங்கினால் வாங்காதீர்கள்.